சிப்பி மேல இருந்தது

ஆடி 5, வெள்ளி. 1978

விடிஞ்சதுல இருந்து காத்து. சோத்துல மணல். கண்ணு ஆபரேஷன் முடிஞ்சு, கண்ணாடி போட்டுக்கினு இன்னிக்கு வூடு வந்து சேந்தேன்.

நான் வந்தப்போ வூட்ல இருந்தவங்க: பெரியவன் ஏழுமலை. அவன் பொண்டாட்டி தனம். செங்கல்பட்டுல இருந்து என்னை இட்டுனு வந்த மவ மல்லிகா. அவ வூட்டுக்காரரு, மாப்பிள்ளை தணிகாசலம். எதிர் வூட்டு பவுனு, கூப்பிடாமலே. அப்புறம் மல்லிகா நைனா. அவரு பேரை எழுத மாட்டேன். கட்டினவன் பேரைச் சொன்னா ஆயுசு குறையும், கடல்ல இருக்கறப்போ சொன்னா கட்டுமரம் கவுறும்னு எங்க அம்மா சொல்லி வளத்தா. கழுத்துல தாலி ஏறின நாளா சொன்னதும் இல்ல, எழுதினதும் இல்ல. பிள்ளைங்க பேரை வெச்சுத்தான் கூப்பிடறது.

மத்தவங்க பேரை எழுதி வெக்கிறது எதுக்குன்னா, பின்னால யாரும் நான் அங்க இல்லையேன்னு சொல்லக் கூடாது. இந்த வூட்ல எல்லாருக்கும் மறதி. எனக்கு மட்டும் அந்த சொகம் இல்ல.

கண்ணாடி சோடா பாட்டில் அடி மாதிரி தடி. தரை மேல எழும்பி வருது. கால எங்க வெக்கறதுன்னு தெரியல. பவுனு வாசல்லயே ஆரம்பிச்சுட்டா.

"அஞ்சல, உன் கண்ணு ரெண்டும் நண்டுக் கண்ணு மாதிரி வெளிய வந்து நிக்குதுடி."

"உன் மூஞ்சி இப்பத்தான் சரியா தெரியுது பவுனு. தெரியாமலே இருந்திருக்கலாம்."

எல்லாரும் சிரிச்சாங்க. நானும். அதோட சரி, அப்பால சிரிக்கல.

வெள்ளிக்கிழமை ஆச்சே, கை கால் கழுவிட்டு விளக்கேத்தப் போனேன். சாமி பலகையில சேகர் சிப்பி. வெள்ளையா இருந்தது. கழுவின பீங்கான் தட்டு மாதிரி. மாமல்லபுரத்துல கோயில் பக்கம் கடையில வெள்ளைக்காரனுக்கு விக்கறாங்களே, அது மாதிரி பளபளன்னு.

"யாரு இதைத் தொட்டது?"

மல்லிகா நைனா தான் முதல்ல வாயத் தொறந்தாரு.

"யாரும் தொடல. புதுக் கண்ணு, புதுக் கண்ணாடி. எல்லாம் அப்பிடித்தான் பளிச்சுனு தெரியும்."

ஏழுமலை: "ஆமாம்மா. எங்க சட்டை கூட உனக்கு வெளுப்பாத்தான் தெரியும்."

தனம்: "டாக்டரே சொன்னாராமே அத்தே, மொதல்ல எல்லாம் வெள்ளையா கீற மாதிரி இருக்கும்னு."

மாப்பிள்ளை ஏதோ சொல்ல வந்தாரு. "மாப்பிள்ளைக்கு மோர் குடு தனம்"னு மல்லிகா நைனா குறுக்க பூந்துட்டாரு. மாப்பிள்ளை மோரை வாங்கிக் குடிச்சாரு.

எடுத்து மோந்து பாத்தேன். ஆஸ்பத்திரிப் பஞ்சு வாசனை. சொன்னேன்.

"அது உன் மேல கீற வாசனைமா"ன்னான் ஏழுமலை.

கண்ணு பொய் சொல்லும். கட்டை விரல் சொல்லாது. தடவிப் பாத்தேன். ஓரத்துல இருந்த குழி இல்ல.

வஞ்சிரம் குழம்பு வெச்சேன். மாப்பிள்ளைக்கு நடுத்துண்டு. பேசாம பரிமாறினேன். அவங்க சாயந்திர பஸ்ஸுக்குப் போய்ட்டாங்க.


ஆடி 6, சனி

காத்து நிக்கல. கட்டுமரம் எதுவும் கடல்ல தள்ளல. ஆம்பளைங்க எல்லாம் வலை பாத்துக்கினு வெட்டிப் பேச்சு.

செய்ய வேண்டியது: கண்ணுல சொட்டு மருந்து. குனியக் கூடாது. அழக் கூடாதுன்னு நர்சம்மா சொன்னா. அழல.

சிப்பி விஷயத்த எழுதி வெச்சுடறேன். சேகர் என் சின்னவன். அவனும் அவங்க நைனாவும் ஒரே மரத்துல போனாங்க, இதே மாதிரி ஒரு ஆடியில. அவங்க நைனா வந்தாரு. அவன் வரல. உடம்பும் வரல. போட்டோ ஒண்ணு கூட எடுத்து வெக்கல. கடல்ல என்ன ஆச்சுன்னு நான் இன்னி வரைக்கும் கேக்கல. கடல்ல நடந்ததைக் கரையில கேக்கக் கூடாது. அதனால அவரு மேல எனக்கு வருத்தம் இருந்தது இல்ல. இதை யாரும் நம்ப மாட்டாங்க. ஆனா நெசம்.

அந்த சிப்பி அவன் வலையில வந்தது. உள்ளங்கை அகலம். உள்பக்கம் மினுமினுன்னு இருக்கும். தலைக்கு எண்ணெ வெச்ச கையோட அதை எடுத்து வெச்சுக்கினு கட்டை விரலால தேச்சுக்கினே இருப்பான். எதுக்குடான்னா, மல்லிகா கல்யாணத்துக்கு இதுல ஒரு முகம் பாக்கற கண்ணாடி பதிச்சுக் குடுக்கறேன்னான். கல்யாணத்துக்கு அவன் இல்ல.

சாமி பலகையில போட்டோ வெக்கற எடத்துல அதைத்தான் வெச்சேன். வெள்ளிக்கு வெள்ளி தேங்காயெண்ணெ. மேல ஒரு சிட்டிகை மஞ்சள். கற்பூரப் புகை. எண்ணெ காய்ஞ்சு காய்ஞ்சு உருக்கின நெய் நெறத்துக்கு வந்துட்டது. ஓரத்துல பெருவிரல் அகலத்துக்கு ஒரு குழி. அவன் தேச்ச எடம். நான் அந்தக் குழில கை வெக்க மாட்டேன். சுத்தித்தான் பூசுவேன். வருஷம் போகப் போக சுத்தி மேடாச்சு, குழி ஆழமாச்சு. விளக்கு வெளிச்சம் அங்க போய் உக்காரும்.

இப்ப குழியும் இல்ல, மேடும் இல்ல.

தனத்தைக் கேட்டேன்.

"நீ தானே தேச்சது?"

"அய்ய, நான் எதுக்கு அத்தே அதைத் தொடறேன். அந்தப் பலகைக்கு நான் துணி கூட போடறது இல்ல. தொட்டா நீங்க பேசுவீங்கன்னு எனக்குத் தெரியாதா."

இவ தான் என் தலைப் பொங்கல் வெண்கலப் பானையைப் புளி போட்டுத் தேச்சு ஒடுக்கினவ. என் கருவாட்டுக் கூடையை அவ ஆயா வூட்டுக்குக் குடுத்துட்டு, அலையில போச்சுன்னவ. எல்லாம் ஞாபகம் இருக்கு. இவ தான்.


ஆடி 7, ஞாயிறு

தனத்தோட பேசல. அவ வெச்ச குழம்பைத் தொடல. மோர் சோறு.

பவுனு கருவாடு புரட்ட வந்தா. அவ மேலயும் எனக்கு ஒரு கணக்கு இருக்கு. அம்மிக்குழவி வாங்கிட்டுப் போயி வேற குழவி திருப்பித் தந்தா. இன்னும் அவ என்னுதைத் தன்னுதுன்னுதான் சொல்றா. ஆனா கண்ணால பாத்ததை மறைக்கத் தெரியாதவ.

"இன்னாத்துக்குடி அந்தப் பொண்ணைப் போட்டு வாட்ற? உன் மாப்பிள்ளை தான் துண்டுல சுத்தி எடுத்துனு போனாரு. நீ செங்கல்பட்டுல கட்டுப் போட்டு படுத்துனு இருந்தப்போ. நான் இங்க தான் மீன் காய வெச்சுக்கினு இருந்தேன்."

"யாரு குடுத்தா?"

"அதை நான் பாக்கல. வூட்டுக்குள்ள நடந்தது."

மாப்பிள்ளைக்கு யாரு குடுப்பா. மவ தான் குடுத்திருப்பா. மல்லிகாவுக்குப் புருஷன் கேட்டா எதுவும் பெருசு இல்ல. என் கல்யாணப் புடவையைக் கிழிச்சு அவரு பெட்டிக்கு உறை தெச்சவ அவ.

தனத்துகிட்ட எதுவும் சொல்லல. ராவு குழம்பு ஊத்திக்கினேன். அவளுக்குப் புரிஞ்சிருக்கும்.


ஆடி 10, புதன்

செங்கல்பட்டுக்குப் போய் வந்தேன். ஏழுமலை இட்டுனு போனான். பஸ்ஸுல மீன் கூடைக்காரிங்களைப் பின்னால தள்ளி நிக்க வெச்சான் கண்டக்டர். அவன் மூஞ்சியும் ஞாபகத்துல வெச்சிருக்கேன்.

மொதல்ல ஆஸ்பத்திரி. கண்ணு நல்லா இருக்குதாம். சீட்டு எழுதறவன் பையன் மாதிரி இருந்தான்.

"வூட்டுக்காரர் பேரு?"

ஏழுமலை சோடா குடிக்கப் போயிருந்தான். பின்னால வரிசை. என்ன பண்றது.

"காஞ்சிபுரத்துல மாமரத்தடியில கீற சாமி பேரு."

"பேரு சொல்லும்மா."

"அதான் சொல்லிட்டேனே. அந்த சாமி."

பின்னால இருந்த பொம்பளைங்க சிரிச்சாங்க. ஒருத்தி, "எழுதுப்பா, அவங்க சொல்ல மாட்டாங்க"ன்னா. அவன் ஒரு பேரைச் சொன்னான். நான் தலையாட்டினேன். எழுதிக்கினான். சரியாத்தான் சொன்னான்.

அப்பறம் மல்லிகா வூடு. மாப்பிள்ளை லீவு. எப்பவும் ரயிலேறி மெட்ராஸ் காலேஜுக்குப் போறவரு. அங்க கம்ப்யூட்டர்னு ஒரு மிஷின் இருக்குது, அதுல தான் அவரு பெரிய பட்டத்துக்குப் படிக்கறது. நம்ம கரையில அவரு மாதிரி படிச்சவங்க இல்ல. அந்தப் பெருமை எனக்கும் உண்டு. இல்லன்னு சொல்லல.

வூடு பூரா காகிதம். நீளமா, மடிப்பு மடிப்பா, ஓரத்துல ஓட்டை போட்டது. மல்லிகா அதையே அலமாரிக்கு விரிச்சிருக்கா, அதுலயே வடை எண்ணெய ஒத்தி எடுக்கறா.

நேரா கேட்டேன். மாப்பிள்ளைகிட்ட கோவமா பேசக் கூடாது. அதனால மெதுவா கேட்டேன்.

"மாப்பிள்ளை, அந்த சிப்பி உங்ககிட்ட வந்துச்சா?"

அவரு மொகம் மலர்ந்துச்சு. இத்தினி நாளா யாராச்சும் கேக்க மாட்டாங்களான்னு இருந்த மாதிரி.

"வந்துச்சு அத்தை. இருங்க, காட்டறேன்."

ஒரு காகிதத்தைக் கொண்டு வந்து கொல்லைக் கொடியில துணி மாதிரி தொங்க வுட்டாரு. கிட்ட போய்ப் பாத்தேன். வெறும் இங்கிலீசு எழுத்து, புள்ளி, நட்சத்திரம். மேல மேல அடிச்சு ஒரு எடத்துல கறுப்பு, ஒரு எடத்துல காலி.

"தள்ளி நில்லுங்க அத்தை. இன்னும் தள்ளி."

கெணத்தாண்ட போனேன். அப்பவும் எழுத்து. கண்ணாடியைக் கழட்டினேன். சிப்பி. வளைவு, ஓரம், உள்ள மினுக்கு, எல்லாம். போட்டா எழுத்து, கழட்டினா சிப்பி. ரெண்டு தடவை பண்ணிப் பாத்தேன்.

அவரு சொன்னது, எனக்குப் புரிஞ்ச வரைக்கும்: சிப்பி ஒரே கட்டியா இல்ல. வெங்காயத் தோலை விட மெல்லிசா தாள் தாளா அடுக்கு. வெளிச்சம் மேல் தாள்ல பட்டு கொஞ்சம் திரும்புது. மீதி உள்ள போவுது. அடுத்த தாள்ல இன்னும் கொஞ்சம் திரும்புது. உள்ள போனது அங்கயும் இங்கயும் செதறி, வேற எடத்துல வெளிய வருது. வந்தது எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு சேந்தா அந்த மினுக்கு. அதைக் கணக்காப் போட்டு, ஓட்டை போட்ட அட்டையில எழுதி மிஷினுக்குள்ள வுட்டா, அது படமா அடிச்சுத் தரும்.

"மிஷின் சிப்பியைப் பாக்குதா?"

"பாக்காது அத்தை. அதுக்குக் கண்ணு கெடயாது. தாள் எத்தினி, தடி எவ்ளோன்னு நான் சொல்லணும். பாத்தா எப்பிடித் தெரியுமோ அப்பிடி அதுவே போட்டுக்கும்."

"பாக்காமலே."

"பாக்காமலே."

"அதுக்கு எதுக்கு அதைக் கழுவினீங்க?"

அவரு சாதாரணமாத்தான் சொன்னாரு. தப்புன்னு தெரிஞ்சவன் அப்பிடிச் சொல்ல மாட்டான். சிப்பி மேல ஒரு படலம் இருந்துச்சாம். ஒரு எடத்துல தடியா, ஒரு எடத்துல குழியா, மஞ்சத்தூள், புகை எல்லாம் கலந்து. வெளிச்சம் அதுக்குள்ள பூந்து எங்க போவுதுன்னு கணக்கே நிக்கல. மிஷின் போட்ட படம் ஒரு மாதிரி, சிப்பி வேற மாதிரி. பெரிய வாத்தியாரு சொல்லிட்டாராம், ஒண்ணு அந்தப் படலத்தையும் கணக்குல சேரு, இல்ல கழுவிடுன்னு. சேக்கணும்னா இன்னும் ஒரு வருஷம் ஆவும். கழுவ ஒரு பாட்டில் ஸ்பிரிட்டு போதும்.

கணக்குக்கு ஒத்து வரல, அதனால கழுவிட்டாங்க. கணக்கை மாத்தல. சிப்பியை மாத்திட்டாங்க.

"கேக்காம பண்ணல அத்தை. நீங்க கட்டுப் போட்டு இங்க தான் படுத்துனு இருந்தீங்க. உங்களைத் தொந்தரவு பண்ண வேணாம்னு மாமாவைக் கேட்டேன். எடுத்துக் குடுத்ததே அவரு தான். மேல கீறது இன்னா மாமா, கழுவலாமான்னேன். அழுக்கு தான், நல்லா தேச்சுக் கழுவிடுன்னாரு."

மல்லிகா அடுப்பாண்ட நின்னுக்கினு இருந்தா. அவளுக்கும் இது தெரியாது போல. கரண்டியைக் கீழ வெச்சுட்டா.

"அது அழுக்கு இல்லீங்க. அது சேகர் கை பட்டது. நைனாவுக்குத் தெரியுமே."

மாப்பிள்ளை உக்காந்துட்டாரு. "எனக்கு யாரும் சொல்லல. சத்தியமா யாரும் சொல்லல அத்தை."

"சாப்பாடு ஆறுது. வாங்க மாப்பிள்ளை"ன்னேன். வேற என்ன சொல்ல முடியும். மாப்பிள்ளை.

சாப்பிட்டுட்டு அவரு ஒரு பென்சில் எடுத்துக்கினு வந்து எதிர்ல உக்காந்தாரு. கழுவறதுக்கு முன்ன ஒரு போட்டோ புடிச்சாராம், கறுப்பு வெள்ளையில. அதையும் வெச்சு, அந்தப் படலத்தையும் சேத்து ஒரு தடவை போட்டுப் பாக்கறேன்னாரு. சரியா வராது, சுமாரா வரும்னாரு. மேல இருந்து ஒண்ணொண்ணா கேட்டாரு. சொன்னேன்.

மேல கற்பூரப் புகை.
அதுக்குக் கீழ மஞ்சள். கொம்பு மஞ்சள், வூட்ல இடிச்சது.
அதுக்குக் கீழ தேங்காயெண்ணெ, என் கையால.
மறுபடியும் புகை, மஞ்சள், எண்ணெ. அப்பிடியே கீழ வரைக்கும்.
எல்லாத்துக்கும் அடியில சேகர் கையில இருந்த எண்ணெ.

"கடைசியா இன்னா எழுதினீங்க?"

"எண்ணெய்னு எழுதினேன் அத்தை."

சரின்னேன்.

திரும்பி வரச்சே பஸ்ஸுல ஏழுமலை என் மூஞ்சியைப் பாக்காம ஜன்னல் பக்கம் திரும்பிக்கினான். அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. தனத்துக்கும் தெரிஞ்சிருக்கு. எல்லாருமா சேந்துதான் என் கண்ணுல கோளாறுன்னாங்க. சொல்லிக் குடுத்தது ஒருத்தரு. என் கட்டுப் போட்ட கண்ணுக்கு முன்னாடியே மாப்பிள்ளை மேஜை மேல அது கெடந்திருக்கு.


ஆடி 11, வியாழன்

தலைவலி. சொட்டு மருந்து. தனத்தைக் கூப்பிட்டு தலையில எண்ணெ வெக்கச் சொன்னேன். வெச்சா.

"அத்தே, நாளைக்கு வெள்ளி. திருப்பி மொதல்ல இருந்து பூசிக்கினு வாங்க. கொஞ்ச வருஷத்துல அதே மாதிரி ஆயிடும்."

நல்ல மனசோட தான் சொன்னா. மேல் பூச்சு நான் பூசுவேன் தனம், அடிப்பூச்சு யாரு பூசுவான்னு கேட்டேன். அவ அழுதா. நான் அழல. மருந்து ஊத்தின கண்ணு.

வெண்கலப் பானை விஷயம் அப்பிடியேதான் இருக்கு. அது வேற.


ஆடி 12, வெள்ளி

விளக்கேத்தினேன். சிப்பிக்கு எண்ணெ வெக்கல.

கரைக்குப் போனேன். மல்லிகா நைனா மரத்து நிழல்ல வலை கோத்துக்கினு இருந்தாரு. வூட்ல கேட்டா பிள்ளைங்க குறுக்க வரும், அதான் அங்க.

"மாப்பிள்ளைகிட்ட அதை அழுக்குன்னு சொன்னியா?"

நீ, வா, போன்னு நான் பேசினது இல்ல. அவரு ஊசியை நிறுத்தினாரு. நிமிர்ந்து பாக்கல.

"படிக்கற புள்ள கேட்டான். குடுத்தேன். இன்னா இப்ப?"

"குடுத்ததைக் கேக்கல. அழுக்குன்னு சொன்னியா?"

"வேற இன்னான்னு சொல்றது? எண்ணெ, மஞ்சா, கரி. அழுக்கு தானே."

"அடியில இருந்தது?"

அவரு ஊசியை வலையில குத்தி வெச்சாரு. அப்பறம் சொன்னாரு. அப்பிடியே எழுதறேன், ஒரு எழுத்து கூட்டல, குறைக்கல.

"வெள்ளிக்கு வெள்ளி நீ அதுக்கு எண்ணெ பூசறப்போ என்னைப் பாக்கற. சோத்தை முன்னால வெச்சுக்கினு உக்காந்து கீறேன், அங்க அவன் விரலு. இங்க உன் கண்ணு. ஒரு கவளம் எறங்குதான்னு என்னிக்காவது கேட்டியா? உனக்குக் கண்ணுல கட்டு கட்டின அன்னிக்குத்தான் நான் நிம்மதியா தின்னேன்."

"நான் உன்னைப் பாக்கல. விளக்கு அந்தப் பக்கம் இருக்குது."

"பாத்த."

"கடல்ல இன்னா ஆச்சுன்னு நான் கேட்டேனா? ஒரு நாளாவது?"

"கேட்டிருக்கலாம்மே. கேக்காம பாத்துக்கினு இருந்ததுக்கு, கேட்டிருக்கலாம்."

அதுக்குள்ள பவுனு கூடையோட வந்துட்டா. "இன்னா, புருஷனும் பொண்டாட்டியும் புதுசா கரையில வந்து கொஞ்சறீங்க"ன்னா. அவரு சிரிச்சு வெச்சாரு. நான் வந்துட்டேன்.

நடந்து வரச்சே தான் பதில் வந்துது. சொல்லாததை இங்க எழுதறேன். சோறு எறங்கலன்னா என்கிட்ட சொல்லியிருக்கலாம். அதை எடுத்து ஒளிச்சு வெச்சிருக்கலாம். கடல்லயே வீசியிருக்கலாம், அவன் போன எடத்துக்குப் போச்சுன்னு இருந்திருப்பேன். மாப்பிள்ளை ஸ்பிரிட்டு பாட்டிலோட நிக்கறப்போ அந்த வார்த்தையைச் சொன்னாரே. பெத்த பிள்ளை கையை.

இன்னிக்கு அவரு சோத்தை வாசல்ல உக்காந்து தின்னாரு.


ஆடி 18, வியாழன்

பெருக்கு. தனம் புளிச்சாதம், தேங்காச்சாதம். மணல்ல உக்காந்து எல்லாரும் தின்னாங்க. மல்லிகா நைனா தனியா மரத்தாண்ட. தனம் கொண்டு போய்க் குடுத்தா.

எனக்குப் புளிச்சாதத்துல உப்பு தெரியல. கண்ணு வந்தா நாக்கு போயிடுமோ என்னமோ.

சொட்டு மருந்து தீந்து போச்சு.


ஆவணி 9, வெள்ளி

நேத்து ராவு ஒரு சடசட மழை. காலைல வெக்கை.

மல்லிகா வந்தா. மாப்பிள்ளை வரல. என் மூஞ்சில முழிக்கக் கூச்சமாம். அது போதும். வெக்கப்படத் தெரிஞ்சவரு மேல எனக்கு ஒண்ணும் இல்ல. அதையும் எழுதி வெக்கிறேன்.

காகிதத்தை நாலா மடிச்சுக் குடுத்தனுப்பியிருந்தாரு. மல்லிகா சொன்னா, "மூணு வாரமா அந்த மிஷினையே கட்டிக்கினு அழுதாரும்மா. நாஸ்தா கூட துன்னாம ஓடுவாரு. அட்டைப் பெட்டி ஒரு தடவை ரயில்ல கொட்டிப் போச்சு, அட்டையெல்லாம் வரிசை மாறி, பேஜாராப் போச்சு, திருப்பி மொதல்ல இருந்து அடுக்கினாரு. அவரு பட்டத்துக்கு இது வேணாமாம். உனக்காகத்தான்."

சாமி பலகை பக்கத்துச் சுவத்துல மாட்டினோம். தனம் சாணி மெழுகாத எடமா பாத்து ஆணி அடிச்சா. நான் வாசப்படி வரைக்கும் பின்னால போயி கண்ணாடியைக் கழட்டினேன்.

சிப்பி. ஆனா பழசு. பளபளப்பு இல்லாம, கொஞ்சம் மங்கலா, வெளிச்சம் உள்ள போயி நின்னு மெதுவா வர்ற மாதிரி. ஓரத்துல குழி. குழிக்குள்ள மட்டும் புள்ளி கம்மியா, வெளுப்பா. விளக்கு வெளிச்சம் போய் உக்காருமே, அதே எடத்துல.

நெறம் இல்ல. நெய் நெறம் எங்கன்னு கேட்டேன். அந்த மிஷினுக்குக் கறுப்பு மை மட்டும் தானாம், மஞ்சள் தெரியாதாம்.

ரொம்ப நேரம் நின்னேன். சிப்பி மாதிரி இருந்துது. அவன் மாதிரி இல்ல. ஆனா கண்ணால பாக்காத ஒரு மிஷினு, அந்தக் குழியைக் குழின்னு போட்டிருக்குது. கண்ணு இருந்தவரு அழுக்குன்னாரு.

மத்தியானம் மல்லிகா நைனா தண்ணி குடிக்க உள்ள வந்தாரு. சுவத்தைப் பாத்தாரு. கிட்டத்துல எழுத்து தான் தெரியும், அவருக்கு எழுத்தும் தெரியாது. பின்னால நகந்தாரு. இன்னும் ஒரு அடி நகந்தாரு. தெரிஞ்சுட்டுது. செம்பு கையிலயே நின்னுட்டுது.

"இன்னாமே இது?"

"அழுக்கு."

மல்லிகா, "யம்மா"ன்னா. தனம் முந்தானையை வாயில வெச்சுக்கினா.

அவரு செம்பை வெச்சுட்டு வெளிய போனாரு. தண்ணி குடிக்கல. ராவுக்கும் வரல, மரத்தாண்டயே படுத்துட்டாராம்.


ஆவணி 10, சனி

கிழக்க கறுத்துக்கினு கீது. காத்து திரும்பிட்டுது. கரையில எல்லா மரமும் கட்டிப் போட்டு கெடக்குது, ஒண்ணு தவிர.

ஏழுமலை ஓடி வந்தான். "நைனா தனியா தள்ளினு போய்ட்டாரும்மா. நான் வேணாம்னேன். காலைப் புடிக்காத குறையா சொன்னேன். மீன் வருது, நீ வர்லன்னா போன்னுட்டாரு. நீ வந்து கூப்பிட்டா திரும்புவாரு, அலை தாண்டல இன்னும். வா."

போனேன். பவுனு, தனம், மல்லிகா, எல்லாரும் தண்ணி ஓரத்துல. மரம் ரெண்டாம் அலையில ஏறி எறங்குது. அவரு துடுப்பை நிறுத்திட்டு திரும்பிப் பாத்தாரு. என்னைத்தான் பாத்தாரு. கண்ணாடி போட்டிருந்தேன், நல்லாத் தெரிஞ்சுது.

"கூப்பிடேன்டி"ன்னா பவுனு.

கூப்பிடல.

அவரு திரும்பி துடுப்பு போட்டாரு. அலை தாண்டிட்டுது. மத்தவங்க இன்னும் கரையில தான் நிக்கறாங்க. நான் வூட்டுக்கு வந்துட்டேன். விளக்குல எண்ணெ கீது. சிப்பி வெள்ளையா கீது. காகிதம் காத்துல அடிச்சுக்குது, மூலையை இழுத்து சாமி பலகை மேல கல்லு வெச்சு அழுத்தினேன்.

தனத்தை மன்னிச்சாச்சு. ஏழுமலையை மன்னிச்சாச்சு. பவுனு குழவியை எடுத்துக்கட்டும். மாப்பிள்ளை மேல எப்பவும் ஒண்ணும் இல்ல. கடலை நான் வைஞ்சது இல்ல.

எங்க அம்மா சொன்னது எல்லாம் ஞாபகம் இருக்கு. அவரு கடல்ல தான் கீறாரு இப்ப. தெரிஞ்சேதான் எழுதறேன். காஞ்சிபுரத்துல மாமரத்தடியில கீற சாமி பேரு. என் வூட்டுக்காரரு பேரு. மன்னிக்க மாட்டேன்.

ஏகாம்பரம்.